வளவன் நல்லவனா? நாவல் மாந்தரின் குணத்தைச் சான்றோடு கண்டறியக் கற்றுக்கொடுப்பது

"மையப் பாத்திரத்தின் குணநலன்களைச் சான்றுகளுடன் விளக்குக." நாவல் பாடம் இருக்கிற எந்த வகுப்பிலும் இந்தக் கேள்வி வந்தே தீரும். வரும் விடைகளும் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். ஓர் அடைமொழி, அதன் கீழே நாவலிலிருந்து ஒரு வரி. அடுத்த அடைமொழி, இன்னொரு வரி. இரக்கமுள்ளவன், துணிச்சல்காரி, நேர்மையானவர். வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டால் சான்று காட்டியாயிற்று என்று மாணவர் நினைக்கிறார். மதிப்பெண் போடுகிறவரும் பல சமயம் அப்படியே நினைத்துவிடுகிறார்.

அந்த அடைமொழிக்கும் அந்த வரிக்கும் நடுவே ஒரு வேலை இருக்கிறது. இந்த வரியைப் படித்ததும் அந்தக் குணம் ஏன் மனதில் தோன்றுகிறது என்று யோசிக்கிற வேலை. கற்றுக்கொடுக்க வேண்டியது அதைத்தான். அதை விட்டுவிட்டு அடைமொழிகளையும் வரிகளையும் பட்டியலாகக் கொடுத்தால், மாணவர் இரண்டையும் மனப்பாடம் செய்து எழுதிவிடுவார். நாவலைத் திறக்கவே வேண்டியிருக்காது. இந்தத் திறனைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசப்படுகிறது. அதனால் அடியிலிருந்தே தொடங்கலாம்.

எழுதாததை எப்படிப் படிக்கிறோம்?

பக்கத்து அறையில் ஒருவர் போனில் பேசுகிறார். நமக்குக் கேட்பது அவர் பக்கம் மட்டும்தான். "வந்து சேர்ந்துட்டேன்... இல்லை, இப்போ தலைவலி இல்லை... சரி... வெச்சிடவா?... சரி சரி, வைக்கலை." இவ்வளவு கேட்டதுமே, எதிர்முனையில் இருப்பவர் இவர்மேல் அக்கறை கொண்ட, நெருக்கமான யாரோ என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. "இப்போ தலைவலி இல்லை" என்றால் தலைவலியைப் பற்றி அந்தப் பக்கம் கேட்டிருக்கிறார்கள். அதாவது முன்பு இருந்தது அவர்களுக்குத் தெரியும். "வைக்கலை" என்றால் வைக்காதே என்று சொல்லியிருக்கிறார்கள். காதில் விழுந்தது பாதி. மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள், யாரிடம் எதைக் கேட்பார்கள் என்று நமக்கு முன்பே தெரிந்திருப்பது மறு பாதி.

இப்படி, சொல்லப்பட்டதையும் நமக்குத் தெரிந்த உலக அறிவையும் சேர்த்து, சொல்லப்படாத ஒன்றை அறிவதுதான் உய்த்துணர்தல். நாவல் படிக்கிற யாரும் இதைப் பக்கத்துக்குப் பக்கம் செய்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஆக, மாணவருக்கு நாம் கொடுப்பது புதுத் திறன் அல்ல. கண்ணிமைக்கும் நேரத்தில் தானாக நடப்பதை நிறுத்தி நிதானமாகப் பார்க்கவும், அதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லவும் கற்றுக்கொடுக்கிறோம். இரண்டாவதுதான் கஷ்டம்.

குணம் வேறு, உணர்ச்சி வேறு

முதல் குழப்பம் இங்கேதான் தொடங்கும். "அவள் கோபக்காரி" என்று எழுதுகிறார் மாணவர். சான்று: கதவை அறைந்து சாத்தினாள். ஒருநாள் கதவை அறைந்து சாத்தியவள் அன்றைக்குக் கோபமாக இருந்தாள், அவ்வளவுதான். அது உணர்ச்சி, வரும், போகும். குணம் அல்லது பண்பு என்பது, ஒருவர் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆட்களிடம், திரும்பத் திரும்ப நடந்துகொள்ளும் விதம்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இந்த இடத்தில் நல்ல துணை. உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலில் வெளிப்பட்டுத் தெரிவதுதான் மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று அது எட்டு வகை சொல்கிறது. அதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் எவற்றால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்களையும் தருகிறது. அச்சத்துக்குச் சொல்லப்படுபவை அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசர் போலத் தமக்கு மேலிருப்பவர்). நான்கையும் பாருங்கள்: எல்லாமே அஞ்சுகிறவருக்கு வெளியே இருப்பவை. விலங்கைக் கண்டு நடுங்கியவரைக் கோழை என்று சொல்ல அந்த நடுக்கம் ஒன்று போதாது. எதைக் கண்டாலும் நடுங்குகிறாரா என்று பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: எழுதியதிலிருந்து எழுதாததை அறிவது உய்த்துணர்தல். ஒரு கணத்தில் தெரிவது உணர்ச்சி, பல கணங்களில் திரும்பத் தெரிவது பண்பு.

ஒரு பத்தியைக் கிட்டே வைத்துப் பார்ப்போம்

இனி ஓர் எடுத்துக்காட்டு. இதற்காகவே எழுதிய, ஒரு கற்பனை நாவலின் முதல் அத்தியாயத்தில் வருகிற பத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்:

*மழை விடவில்லை. நூலக வாசலில் பத்துப் பேர் ஒதுங்கி நின்றார்கள். வளவனிடம் மட்டும் குடை இருந்தது. அதை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்.*

*"நீ கிளம்பலையா?" என்றாள் தாமரை.*

*"அவசரமில்லை" என்றான். அதற்குள் மூன்றாவது முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் குடையை அவள் கையில் திணித்துவிட்டு, "மெதுவா கொடு, போதும்" என்று மழையில் இறங்கினான். திரும்பிப் பார்க்கவில்லை.*

வளவன் எப்படிப்பட்டவன் என்று கேட்டால் வகுப்பில் என்னென்ன பதில் வரும்? நல்லவன். உதவும் குணம் உள்ளவன். பொய் சொல்கிறவன். தாமரையை விரும்புகிறான். மறுக்கத் தெரியாதவன். ஒவ்வொன்றையும் பத்தியோடு வைத்து உரசிப் பார்க்கலாம்.

"மறுக்கத் தெரியாதவன்" முதலில் விழுந்துவிடும். தாமரை குடையைக் கேட்கவே இல்லை. கேட்காத ஒன்றை மறுப்பது எங்கே வந்தது? "பொய் சொல்கிறவன்" என்பதற்குப் பத்தியில் இடம் இருக்கிறது. அவசரமில்லை என்றது உண்மை இல்லை. ஆனால் அந்தப் பொய்யால் அவனுக்கு ஆதாயம் எதுவும் இல்லை, நஷ்டம்தான். ஆதாயத்துக்காகச் சொல்லும் பொய்யையும் இதையும் ஒரே சொல்லால் குறித்தால் பத்தி சொல்வதை நாம் கேட்கவில்லை என்று அர்த்தம். "தாமரையை விரும்புகிறான்" என்பது குணமே அல்ல, ஓர் உறவைப் பற்றிய ஊகம். ஆனால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். வாசலில் பத்துப் பேர் நின்றபோது குடை அவளிடம்தான் போனது. ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்வோம்.

மீதி இருப்பவை "நல்லவன்", "உதவும் குணம் உள்ளவன்". இரண்டும் தவறில்லை. ஆனால் மிகத் தளர்ச்சியான சட்டைகள்; யார் போட்டாலும் பொருந்தும். வளவனுக்கே அளவெடுத்துத் தைக்க வேண்டுமானால் பத்தியின் மிக முக்கியமான வரிக்குப் போக வேண்டும். எது அது? குடையைக் கொடுத்த வரி என்றுதான் பலரும் சொல்வார்கள். நான் கடிகார வரியைச் சொல்வேன். அந்த வரி இல்லையென்றால், நேரம் போகாத ஒருவன் தேவையில்லாத குடையைக் கொடுத்தான் என்றுகூடப் படிக்கலாம். கடிகாரத்தை மூன்று முறை பார்த்தவனுக்கு எங்கோ போயாக வேண்டும். குடையும் வேண்டும், நேரமும் இல்லை. அப்படியும் இரண்டையும் விட்டுக்கொடுத்து, விட்டுக்கொடுத்தது தெரியாமல் "அவசரமில்லை" என்கிறான். நன்றி சொல்லவும் இடம் தராமல் போய்விடுகிறான்.

இப்போது மூன்று விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் மாணவர்: "வளவன் இரக்கமுள்ளவன். அவன் தாமரைக்குக் குடையைக் கொடுத்தான்." இரண்டாமவர்: "வளவன் இரக்கமுள்ளவன். ஏனென்றால், 'குடையை அவள் கையில் திணித்துவிட்டு' என்று ஆசிரியர் எழுதுகிறார்." மூன்றாமவர்: "வளவன் தன் சிரமத்தை மறைத்து உதவுகிறவனாகத் தெரிகிறான். மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்ததால் அவனுக்கு அவசரம் இருந்தது உறுதி. ஆனாலும் 'அவசரமில்லை' என்று சொல்லிவிட்டுக் குடையைக் கொடுத்தான். அவள் தயங்காமல் வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்."

இரண்டாம் விடையில் மேற்கோள் குறி வந்திருக்கிறது, வேறெதுவும் கூடவில்லை. "ஏனென்றால்" என்று எழுதியதால் காரணம் வந்துவிடவில்லை. மூன்றாம் விடையில்தான் அந்த நடு வேலை நடந்திருக்கிறது. வரியைக் காட்டி, அந்த வரியிலிருந்து எதை எடுத்தேன், எப்படி எடுத்தேன் என்று சொல்லியிருக்கிறார். சான்று தானாகப் பேசாது. இப்படி யாராவது பேச வைக்க வேண்டும். "தெரிகிறான்", "இருக்க வேண்டும்" என்ற சொற்களையும் கவனியுங்கள். ஒரே ஒரு அத்தியாயத்தைப் படித்தவருக்கு அந்த அடக்கம் அவசியம்.

எல்லாச் சான்றுக்கும் ஒரே எடை இல்லை

நாவலில் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பல வழிகள் உண்டு. அவர் பேசுவது, செய்வது, மனதுக்குள் நினைப்பது, மற்றவர்கள் அவரைப் பற்றிச் சொல்வது, கதைசொல்லி நேரடியாகச் சொல்வது. கதைசொல்லி என்றால் கதையை நமக்குச் சொல்லும் குரல். எழுத்தாளரே அந்தக் குரல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இவற்றில் எதை எவ்வளவு நம்புவது? பேச்சு மலிவு. தன்னை நேர்மையானவன் என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் எதுவும் செலவில்லை. செயல் அதைவிட எடை கூடியது. செய்கிறவருக்கே இழப்பு தருகிற செயல் அதைவிடவும் கூடியது. வளவன் நனைந்தான் என்பதால்தான் குடைக்கு அவ்வளவு எடை. மற்றவர்கள் சொல்வதைக் கேட்கும்போது சொல்கிறவர் யார், அவருக்கு இவர்மேல் என்ன வருத்தம் என்று பார்க்க வேண்டும். "அவன் திமிர் பிடித்தவன்" என்று ஒரு பாத்திரம் சொன்னால், சில சமயம் அது பேசப்பட்டவரைவிடப் பேசியவரைப் பற்றித்தான் அதிகம் சொல்லும்.

"நான்" என்று கதை சொல்லும் பாத்திரம் இன்னும் சிக்கல். அவருக்குத் தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ளும் ஆசை இருக்கலாம், சில விஷயங்கள் புரியாமலும் இருக்கலாம். இப்படிச் சொல்வதை அப்படியே ஏற்க முடியாதவரை நம்பத்தகாத கதைசொல்லி என்கிறோம். அமெரிக்கத் திறனாய்வாளர் வேய்ன் பூத் 1961-இல் இந்தக் கருத்தைப் பெயரிட்டு விளக்கினார். தொடக்க வகுப்புகளில் இதை இழுத்துப் போட வேண்டாம். "இதை யார் நமக்குச் சொல்கிறார்கள்?" என்று அவ்வப்போது கேட்டு வந்தாலே போதும்.

சூழ்நிலையை மறந்துவிடும் பழக்கம்

நாவலுக்கு வெளியேயும் நாம் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று வகுப்புக்குள்ளும் வரும். ஒருவர் செய்ததைப் பார்த்ததும் "அவர் குணமே அப்படி" என்று முடிவுகட்டுகிறோம். அவர் நின்ற இடத்தைப் பார்க்க மறந்துவிடுகிறோம். எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற உளவியலாளர்கள் 1967-இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, அவருக்கு அப்படி ஒதுக்கப்பட்டது என்று சொல்லியும்கூட, ஆதரித்து எழுதியவருக்கு உண்மையிலேயே காஸ்ட்ரோமேல் சாய்வு இருக்கிறது என்றே வாசித்தவர்கள் கணித்தார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வளவனிடம் திரும்புவோம். அதே நாவலின் ஏழாம் அத்தியாயம்:

*தேர்வுக்குக் கிளம்பும் நேரம். தம்பி கதவோரம் வந்து நின்றான். "அண்ணா, ஒரு பேனா." வளவனின் சட்டைப் பையில் இரண்டு இருந்தன. "நேத்து கொடுத்தது எங்கே?" தம்பி தலையைக் குனிந்தான். வளவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.*

இங்கே வகுப்பு இரண்டாகப் பிரியும், பிரிய வேண்டும். ஒரு பக்கம், "பார்த்தீர்களா, தாமரை முன்னால் மட்டும்தான் தாராளம்" என்று சொல்லும். முன்பு ஓரமாகக் குறித்து வைத்த ஊகத்துக்கு இப்போது பலம் வந்துவிட்டது. இன்னொரு பக்கம், "நேத்து கொடுத்தது" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளும். நேற்றுக் கொடுத்திருக்கிறான், தம்பி தொலைத்திருக்கிறான். இன்று மறுத்தது அலுப்பா, பாடம் புகட்டும் எண்ணமா, கல்நெஞ்சமா? சூழ்நிலையைச் சேர்த்துப் பார்த்தால் மூன்றும் சாத்தியம். ஆசிரியர் இந்த வாதத்தை அவசரமாக முடித்துவைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாவல் இன்னும் முடியவில்லை.

சுருக்கமாக: ஒரு செயலைப் பார்த்தால் அதைச் செய்யத் தூண்டிய சூழலையும் பார்க்க வேண்டும். குணத்தைச் சொல்லும்போது "யாரிடம், எப்போது" என்று சேர்த்துச் சொன்னால் விடை கூர்மையாகும்.

முதல் எண்ணத்தின் பிடி

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1946-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நாவல் ஆசிரியர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஒரு மனிதரைப் பற்றிய ஆறு சொற்களை ஒரு குழுவுக்கு வாசித்துக் காட்டினார்: அறிவாளி, உழைப்பாளி, யோசிக்காமல் செயல்படுகிறவர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். இன்னொரு குழுவுக்கு அதே ஆறு சொற்களைத் தலைகீழ் வரிசையில் வாசித்தார். அறிவாளி என்று தொடங்கியதைக் கேட்டவர்கள் அந்த மனிதரை மொத்தத்தில் திறமைசாலியாகப் பார்த்தார்கள். பொறாமைக்காரர் என்று தொடங்கியதைக் கேட்டவர்களுக்கு அவருடைய குறைகளே பெரிதாகத் தெரிந்தன. மாறியது வரிசை மட்டும்தான்.

நாவலும் வரிசைதான். முதல் அத்தியாயத்தில் குடை வந்ததால் வளவனை நல்லவன் என்று எடுத்துக்கொண்டு, பேனாவை மறுத்ததற்குச் சாக்குத் தேடுகிறோமா? பேனா முதலில் வந்து குடை பின்னால் வந்திருந்தால் என்ன நினைத்திருப்போம்? மாணவரிடம் இந்தக் கேள்வியை நேராகக் கேட்டுவிடலாம். பெரியவர்களைவிட நன்றாகவே யோசிப்பார்கள்.

சரி, ஏழாம் அத்தியாயத்தின் கடைசி வரிக்கு வருவோம்:

*மறுநாள் காலை தம்பி பையைத் திறந்தபோது உள்ளே ஒரு புதுப் பேனா இருந்தது.*

யார் வைத்தது என்று நாவல் சொல்லவில்லை. வளவன்தான் என்று எடுத்துக்கொண்டால் ஒரு கோலம் தெரியத் தொடங்குகிறது. குடையைக் கொடுத்தவன் திரும்பிப் பார்க்கவில்லை. பேனாவை வைத்தவன் தெரியாமல் வைத்தான். நேருக்கு நேர் கொடுக்கக் கூச்சப்படுகிறவன், கொடுத்தது தெரியக்கூடாது என்று நினைக்கிறவன். "தாமரை முன்னால் மட்டும் தாராளம்" என்ற ஊகம் இப்போது ஆட்டம் கண்டுவிட்டது, ஏனென்றால் தம்பிக்கு வைத்த பேனாவை அவள் பார்க்கப் போவதில்லை. இரண்டு இடங்களையும் சேர்த்தால்தான் "அக்கறையை மறைத்துச் செய்கிறவன்" என்ற விடை கிடைக்கும். ஒற்றை வரியிலிருந்து அதை எடுத்திருக்க முடியாது. அம்மா வைத்திருக்கலாமே என்று ஒரு மாணவர் கேட்டால், அது நல்ல கேள்வி. அப்படியும் இருக்கலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு, எதற்கு வாய்ப்பு அதிகம் என்று பேசலாம்.

வகுப்பில் எங்கே தொடங்குவது

ஆசிரியர் முதலில் தான் செய்துகாட்ட வேண்டும். ஒரு பத்தியைச் சத்தமாகப் படித்து, இடையிடையே நிறுத்தி, மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வது. "கடிகாரத்தைப் பார்க்கிறான்... அப்போ எங்கோ போகணும்... ஆனா அவசரமில்லைங்கிறான், ஏன்?" நல்ல வாசகரின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று மாணவருக்குத் தெரிய வேறு வழியில்லை.

அப்புறம் மாணவரிடம் பத்தியைக் கொடுத்து, கொஞ்ச நேரத்துக்கு அடைமொழியே கூடாது என்று சொல்லிவிடுங்கள். கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும். குடையை விரிக்கவில்லை. பத்துப் பேர் நின்றார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. "இரக்கத்தோடு பார்த்தான்" என்று யாராவது சொன்னால், இரக்கம் எந்த வரியில் இருக்கிறது என்று கேளுங்கள். இந்தக் கட்டத்தைத் தாண்ட அவசரப்படாதீர்கள். இங்கே செலவழிக்கும் நேரம் பின்னால் வட்டியோடு திரும்பி வரும். அதன்பிறகு, இப்படி நடந்துகொள்கிறவர் எப்படிப்பட்டவராக இருக்கலாம் என்று இரண்டு மூன்று விளக்கங்களை வகுப்பே சொல்லட்டும். ஒன்றுக்கு மேல் வேண்டும். ஒரே விளக்கம் இருந்தால் எடை போட எதுவும் இருக்காது.

சொல் தேர்வு கடைசியில்தான். மாணவரிடம் பெரும்பாலும் நல்லவன், கெட்டவன், பாவம் என்ற மூன்று சொற்களே புழங்கும். சிக்கனமா கஞ்சத்தனமா, துணிச்சலா முரட்டுத்தனமா, உறுதியா பிடிவாதமா என்று பக்கத்துப் பக்கத்துச் சொற்களை வைத்து, பத்திக்கு எது பொருந்துகிறது என்று வாதாட விட்டால் சொற்களும் வளரும், வாசிப்பும் கூர்மையாகும்.

"எல்லா விடையும் சரிதானே?"

இல்லை. இலக்கியத்தில் யார் என்ன சொன்னாலும் சரி என்பது பரவலான தவறான எண்ணம். ஒரே ஒரு சரியான விடைதான் உண்டு என்பது அதற்கு நேர் எதிரான தவறு. வளவனைக் கூச்சக்காரன் என்றும் சொல்லலாம், அக்கறையை மறைக்கிறவன் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் பத்தியில் கால் ஊன்ற இடம் இருக்கிறது. சோம்பேறி என்று சொல்ல முடியாது. விடையைச் சோதிக்க இரண்டு கேள்விகள் போதும்: நாவலில் இதற்கு எதிராக ஏதாவது இருக்கிறதா? இது நிற்க, நாவலில் இல்லாத எதையாவது நாமே கற்பனை செய்து சேர்க்க வேண்டியிருக்கிறதா?

திருத்தும்போது, மேற்கோளோடு நின்றுவிட்ட விடையைப் பார்த்தால் ஓரத்தில் "அதனால்?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள். முழு விடையை நீங்களே எழுதிக் காட்டுவதைவிட அது பலன் தரும். முதல் அத்தியாயத்தின்போது எழுதிய கருத்தை மாணவர் ஏழாம் அத்தியாயத்துக்குப் பிறகு மாற்றினால், பழையதை அழிக்கச் சொல்லாதீர்கள். மேலே ஒரு கோடு போட்டு, கீழே புதிய கருத்தையும் மனதை மாற்றிய வரியின் பக்க எண்ணையும் எழுதட்டும். மதிப்பெண் போடும்போது அந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படியுங்கள்.